உலர் எடை

மோதிரம், சாவிக்கொத்து, தாயத்து,
அரைஞாணில் வெள்ளி இருந்தால் அதையும்
கழற்றி வையுங்கள் என்றாள் மெஹ்ருன்னிசா.
சிரித்துவிட்டேன்.
முப்பத்தொரு வருடம், கம்பத்தில் ஏறுமுன்
இதே வரிசையில் கழற்றியவன்.

ஓட்டேரியில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ஏழு கட்டில். செவ்வாய், வியாழன், சனி.
கால்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது,
கை விலாவில் ஒட்டக் கூடாது,
ஒட்டினால் கரண்ட் குறுக்குவழியில் போய்விடும் சார்.
யாரிடம் சொல்கிறாள் பாருங்கள்,
புளியந்தோப்பு செக்‌ஷன் லைன்மேனிடம்.

வலக்கையில் இரண்டு ஸ்டிக்கர், வலது காலில் இரண்டு.
இடக்கைப் பக்கம் போகமாட்டாள்.
அங்கே குழாயோடு குழாய் சேர்த்துத் தைத்த இடம்
டிரான்ஸ்பார்மர் போல் இரைந்துகொண்டிருக்கும்.
காதை வைத்துப் படுத்தால் தூக்கமில்லை.
வைக்காமல் படுத்தால் பயம்.

எவ்வளவு விடுவாய் என்றேன்.
ஒரு மில்லி ஆம்பியர்கூட இல்லை,
உங்களுக்குத் தெரியவே தெரியாது.
தெரியவில்லைதான்.
பழக்கதோஷத்தில் பல் மட்டும் கடித்துக்கொண்டது.

தண்ணீர் உள்ள இடத்தில் ஓடும்,
கொழுப்பு வந்தால் தயங்கும்,
அந்தத் தயக்கத்தைத்தான் அளக்கிறோம் என்றாள்.
எனக்கு எத்திராஜுலுவைத் தெரியும்.
புயல் ஓய்ந்த மறுநாள் விடியற்காலை
காய்ந்ததென்று நினைத்து ஈரக் கயிற்றைப் பிடித்தவன்.
அவனுக்குள் அது
தயங்கவே இல்லை.

தராசில் அறுபத்தொரு கிலோ.
போன மாதமும் அறுபத்தொன்று.
தேவகிருபை காலண்டரில் எழுதி
அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்திருக்கிறாள்,
பாஸாகிவிட்ட பிள்ளைக்குப் போல.

திரை சொன்னது: நானூற்றுப் பதினாறு ஓம்.
குறைவாக இருக்கிறதே என்று முகம் சுளித்தாள்.
குறைந்தால் நல்ல ஜாயிண்ட்,
கூடினால் சூடேறி எரியும் என்றல்லவா
எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?
சார், இது ஒயர் இல்லை.
இரண்டே முக்கால் லிட்டர் அதிகமாக நிற்கிறது.
சதை கரைந்திருக்கிறது,
அந்த இடத்தில் தண்ணீர் வந்து உட்கார்ந்திருக்கிறது.
அதனால்தான் முள் நகரவில்லை.

ஏரியில் வீடு கட்டிக்கொண்ட ஊர் இது.
எனக்குள் மட்டும்
வீடு இருந்த இடத்தில் ஏரி,
பட்டா கேட்காமல்,
தொடையில், கெண்டைக்காலில்,
விரலால் அழுத்தினால் குழியாக நிற்கிறது.

எவ்வளவு குடிக்கிறீர்கள்?
அரை லிட்டர் பாட்டில், கோடு போட்டு, என்றேன்.
சனிக்கிழமை நுங்கைச் சொல்லவில்லை.
சோற்றில் ஊற்றாமல் டம்ளரில் குடித்த ரசத்தைச் சொல்லவில்லை.
இரவு இரண்டு மணிக்கு ஃபிரிட்ஜைத் திறந்து
அந்த வெளிச்சத்தில் நின்று
பாட்டிலின் வெளியே வியர்த்திருந்ததை
நாக்கால் தொட்டதை
யாரிடம் சொல்வது?

அவள் மறுத்துப் பேசவில்லை.
திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள், அவ்வளவுதான்.
மீட்டர் பொய் சொல்லாதும்மா என்று
எத்தனை வாசலில் நின்று சொல்லி
ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்திருப்பேன்.
ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றார்கள்.
அதையும் பிடுங்கினேன்.

ஃபேஸ் ஆங்கிள் நாலுதான், ஏற வேண்டும்,
முட்டை வெள்ளைக்கரு சாப்பிடுங்கள் என்றாள்.
தெருவில் ஒரு ஃபேஸ் போனால்
ராத்திரியென்றும் பாராமல் எனக்கு போன் வரும்.
தொடப்பம்போல் மழை கொட்டினாலும் போய் நிற்பேன்.
இதற்கு யாருக்கு அடிப்பது?

கீழே மெட்ரோ வாட்டர் லாரி
வழியெல்லாம் ஒழுகிக்கொண்டே ரிவர்ஸ் எடுக்கிறது.
குடங்கள் மோதிக்கொள்கிற சத்தம்.
மேலே நாலு மணி நேரம்,
என்னிலிருந்து இரண்டே முக்கால் லிட்டர் இறக்க.
உதட்டுக்கு ஒரே ஒரு ஐஸ் துண்டு.

ஸ்டிக்கரைப் பிய்த்தபோது
கணுக்கால் முடி நாலைந்து கூடவே வந்தது.
ஸாரி சார் என்றாள்.
அன்றைக்கு வலித்தது
அது ஒன்றுதான்.