காக்கி புக்கிட், சனிக்கிழமை

மார்ச்சோடு முடிகிறது பழையதின் சிஓஇ.
புதுப்பிக்கிற காசுக்கு
இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம் என்கிறான் மீரான்.
வாங்கவைப்பது அவன் தொழில்.

இரண்டை வெளியே தள்ளி நிறுத்தியிருக்கிறான்.
முதலாவது பளிச்சென்ற வெள்ளை,
வாரக்கடைசியில் சாங்கிக்குக் காப்பி குடிக்கப் போய்வந்த வண்டி.
புது டயர், ரப்பர் முடிகூட உதிரவில்லை.
ஏறி உட்கார்ந்தால்
என் கால்விரல்கள் தரையைத் தேடுகின்றன.
"சீட்டைச் செதுக்கிக்கலாம்க்கா."

மற்றதற்கு உயரம் குறைவு, வயது அதிகம்,
சிஓஇ இன்னும் ஆறு வருடம்.
கைப்பிடி லேசாக இடதுபக்கம் இழுக்கிறது.
"இதுவும் சேறே பாக்காத வண்டி, சத்தியமா."

குனிந்து
என்ஜினுக்குக் கீழே தகட்டின் இடுக்கில் விரலை விட்டேன்.
செம்மண்.
கோத்தா திங்கி செம்பனைத் தோட்டத்துச் செம்மண்,
நகக்கண்ணில் ஏறினால்
மூன்று நாள் தேய்த்தாலும் போகாது.
அங்கேதான் போன வருடம்
என் இடது தோள் இறங்கியது.

பொய் சொன்னதற்கு முந்நூறு வெள்ளி குறைக்கச் சொன்னேன்.
சிரித்துக்கொண்டே நூற்றைம்பது குறைத்தான்.
முன்பணம் கட்டினேன்.
வெள்ளைக்காரியை உள்ளே உருட்டிப் போனார்கள்,
அவள்மேல் ஒரு துணியைப் போர்த்தி.

வெளியே மழை.
நாலு நாளாய் அடம்பிடித்த பழையது
இன்றைக்குப் பார்த்து
முதல் அழுத்தலிலேயே உயிர் பிடித்தது.

சும்மா இரு, என்றேன்.
பிஐஇ முழுக்க, ஓரத் தடத்தில்,
எழுபதைத் தாண்டாமல் வந்தோம்.