பிழைக்கோடு

தளியிலிருந்து ஜவளகிரி போகும் சாலையில்
ஒரு தகரக் கூரை, அதில் சதுரமாய் ஒரு துளை.
கார்த்திகை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால்
பதினோரு டிகிரிக் குளிரில் உட்கார்ந்து
இருநூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்துக்குக்
காய்ச்சல் பார்க்கிறேன்.

தொட முடியாத நோயாளி.
அங்கே ஆக்சிஜன் அணுக்கள்
கண்ணுக்கு எட்டாத மங்கலில் சிவப்பாய்க் கசிகின்றன.
இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே புகுந்து
அந்தச் சிவப்பு வளையம் வளையமாய் விழும்.
வளையம் தடித்தால் சூடு.
மயிரிழை விரிந்தால் காற்று நம் பக்கம் வருகிறது,
சுருங்கினால் போகிறது.

வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு, பிறகு உச்சி.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிட இருட்டு வேண்டும்.
வடக்கே பெங்களூரு வானத்தை வெளுக்கிறது;
அதைக் கழித்துவிடக் கணக்கு உண்டு.
யானையைக் கழிக்க இல்லை.

ஒன்று நாற்பது. கிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கையில்
திம்மராயப்பாவின் ராகிக் கொல்லையில் டப்பா சத்தம்.
பரண் மேலிருந்து ஒரு டார்ச்,
அப்புறம் நாலு, டிராக்டர் விளக்கு, வெடி.
"மேடம், லைட் போடுறோம், கோவிச்சுக்காதீங்க!"

அன்று பகலில்தான் அவர் மகன் பைரேஷ் கேட்டான்:
மேலே அடிக்கிற காற்றில் ராகி தூற்றலாமா?
முடியாது என்றேன். ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடு,
ஆனால் கை நீட்டினால் சுடாது,
அவ்வளவு மெலிசு.
சுடாத சூடு, தூற்றாத காற்று,
அதுக்கு எதுக்கு ராத்திரியெல்லாம் முழிக்கிறீங்க என்றான்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.

துளையை மூடியிருக்கலாம்.
மூடவில்லை. என் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு
கத்திக்கொண்டே வரப்புக்கு ஓடினேன்.
மூன்று உருவங்கள், ஒன்று குட்டி,
வாயில் கதிர் தொங்கத் தொங்கக்
காட்டுப் பக்கம் திரும்பின,
அவசரமே இல்லாமல்.

மறுநாள் தலைமையகத்திலிருந்து கேட்கிறார்கள்:
கிழக்கில் ஒன்று நாற்பதுக்கு மூவாயிரம் டிகிரியா?
பிழைக்கோடு ஏன் வரைபடத்தைத் தாண்டி நிற்கிறது?
காரணம் என்ற கட்டத்தில்
"ராகி" என்று எழுதி அனுப்பினேன்.

அளவு பிழைத்தது.
கொல்லை பிழைத்தது, முக்கால்வாசி.
இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல் இருப்பதை
அந்தக் கட்டத்தில் எழுத இடமில்லை.

இன்றைக்கும் மேகமில்லை.
சாயங்காலம் தளிக்குப் போய்
டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கி வந்தேன்.