நொடி

மேசைக்குக் கட்சி கிடையாது.
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்:
சாம்பல் சட்டை, கறுப்புக் காற்சட்டை,
கைதட்டக் கூடாது,
உதட்டைக் கடிப்பதுகூட யாராவது பார்க்காதவரைதான்.
பகலில் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளை எடைபோடுகிறேன்.
மாலையில் இருபத்து நான்கு நொடிகளை.

அக்டோபரில் முதல் ஆறில் ஐந்து தோற்றோம்.
கிளைபெடாவில் மழை பக்கவாட்டில் பெய்யும்.
மிசிசிப்பியிலிருந்து வந்திறங்கிய டெரோன் விட்லாக்
காகிதக் கனத்தில் ஒரு மேலங்கியோடு
படகுத்துறையில் நின்று
"இங்கே வெயில் எப்போது?" என்று கேட்டானாம்.
"போன ஜூலையில்" என்றாராம் டிக்கெட் கிழிப்பவர்.

நவம்பரில் சம்பளம் இரண்டு வாரம் பிந்தியது.
பயிற்சியாளர் வைதோதாஸ்
இடைவேளையில் கத்துவதை நிறுத்தினார்.
அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.
போஸ்னியாக்காரன் நெதிம், இரண்டு மீட்டர் பதினொன்று,
வாடகை வீட்டுக் கட்டிலோடு
சமையலறை பெஞ்சைச் சேர்த்துப் போட்டுத் தூங்கினான்.

ஜனவரியில் காயல் உறைந்தது.
பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்டவர்கள்
வானொலியை மடியில் வைத்து ஆட்டம் கேட்டார்கள்.
ஏன் வெல்லத் தொடங்கினோம் என்று எனக்குத் தெரியாது.
தற்காப்பு என்றது பத்திரிகை.
நான் பார்த்தது இவ்வளவுதான்:
எய்மந்தாஸ் பந்தைத் தனக்கென்று வைத்துக்கொள்வதை விட்டான்.
என் கடிகாரம் பாதி கரையும் முன்
அது ஐந்து பேர் கையையும் பார்த்துவிடும்.
தொடர்ந்து பதினோரு வெற்றி.
பதினோரு முறையும் என் உள்ளங்கைகள்
மேசைக்கடியில் ஒன்றையொன்று தேடிப் போய்
முழங்கால்களில் உட்கார்ந்துகொண்டன.

ஜூன். இறுதித் தொடர். ஐந்தாம் ஆட்டம்.
ஒரு புள்ளி பின்னால் இருந்தோம்.
ஆட்டத்தில் இருபது நொடி மிச்சம்,
என் பெட்டியில் இரண்டு.
விட்லாக் எறிந்தான்.

பந்து வளையத்தை உரசியதா?

உரசியிருந்தால் புதிதாகப் பதினான்கு.
இல்லையென்றால் சங்கு ஊதிவிடும்,
பந்து அவர்களுக்கு,
ஊர் வீட்டுக்குப் போகும்.

என் சுட்டுவிரல் அழுத்தியது.
நான் அழுத்தினேன் என்று எழுத
இப்போதும் தயக்கமாக இருக்கிறது.

பதினான்கு எரிந்தது. நெதிம் கையில் பந்து,
அங்கிருந்து மூலைக்கு,
மூலையிலிருந்து எய்மந்தாஸுக்கு.
வலை கொஞ்சமாகத்தான் அசைந்தது.

நடுவர்கள் திரையில் மூன்று முறை பார்த்தார்கள்.
வளையத்துக்கும் காமிராவுக்கும் நடுவே
நெதிமின் முழங்கை.
ஒருவர் என்னைப் பார்த்தார்.
நான் என் விளக்கைப் பார்த்தேன்.
செல்லும் என்று கை காட்டினார்கள்.

பிறகு ஏணி, கத்தரிக்கோல், கொடி.
விட்லாக் வலையில் ஓர் இழையை வெட்டிக்
காதில் சுற்றிக்கொண்டு அழுதான்.
படகுகள் எல்லாம் ஒன்றாகக் கூவின.
உணவகத்தில் விடியும்வரை
இளஞ்சிவப்பு பீட்ரூட் சூப் இலவசம்.
கோப்பை யார் கையில் என்றே தெரியவில்லை,
தலைகளுக்கு மேலே அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
வைதோதாஸ் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து
ஷூ முடிச்சை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

"தாங்குவோலே, நீ ஏன் கல்லாக நிற்கிறாய்?"
புள்ளி எழுதும் அல்பினாஸ் கேட்டார்.
"மேசைக்குக் கட்சி கிடையாது" என்று
ஒயர்களைச் சுருட்டினேன்.
யாரும் தடுத்திருக்க மாட்டார்கள், அப்போது தட்டியிருக்கலாம்.
கைகள் வரவில்லை.

ஜூலையில் அரங்கத்துச் சாவியைக் கேட்டு வாங்கினேன்.
வெளியே, சொன்னபடியே, வெயில்.
வளையத்துக்குப் புது வலை மாட்டியிருந்தார்கள்.
ஐம்பத்து மூன்று வயதில்
விளிம்பை மட்டும் உரசும்படி எறிவது
கூடைக்குள் போடுவதைவிடக் கஷ்டம்.
பட்டபோதெல்லாம் ஒரு சத்தம் வந்தது,
தம்ளரில் நகம் தட்டிய மாதிரி.
அன்று நாலாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

முப்பதாவதோ நாற்பதாவதோ எறிந்தபோது
ஒன்றுமே கேட்கவில்லை.
பந்து உருண்டு மேசைவரை போய்விட்டது.
அண்ணாந்து பார்த்தால்
வளையம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது,
அல்லது என் கண்.