கீழ் டிராயர்

என் ஐந்து படங்களிலும் மழை பெய்தது.
தண்ணீர் லாரிக்கு மட்டும் தனிக் கணக்கு எழுதினோம்.
ஈரத் தார்ச்சாலை, ஒற்றைச் சோடியம் விளக்கு,
ஆள் வருவதற்கு ஒரு நொடி முன்னால்
சுவரில் அரிவாள் உரசும் சத்தம்.

ஷார்ஜாவில் தயாரிப்பாளர் இபுராம்சா
இஞ்சி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"அரிவாள் வேண்டாம். போலீஸ் உடுப்பு வேண்டாம்.
ரத்தம், ஒரு ஸ்பூன் வரைக்கும் பேசிப் பார்க்கலாம்.
மத்தபடி உங்க பாணியிலேயே எடுங்க."

ஒரு வாரம் இருட்டைத் தேடி அலைந்தேன்,
குல்சமானின் பிக்கப்பில்.
பூனை படுக்கிற இடத்துக்கும் விளக்கு போட்டிருக்கிறார்கள்.
கம்பத்துக்குக் கம்பம் கேமரா,
என்னுடையதைவிட விலை கூடியது.
"இங்கே கொலையே நடக்காதா?" என்றேன்.
சிக்னலைப் பார்த்தபடி குல்சமான் சொன்னான்:
"நடக்கும் சாப். ஆபீஸ் நேரத்தில்."

அன்றிரவு
அரிவாள் என்று இருந்த இடங்களில் எல்லாம்
ஸ்டேப்ளர் என்று எழுதினேன்.
மழைக்குப் பதில்
ஏசியிலிருந்து பக்கெட்டில் சொட்டும் தண்ணீர்.

மூன்றாம் நாள்.
மேலாளர் டிராயரை இழுக்கிறான்,
பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டுகிறான், திரும்ப வைக்கிறான்.
எதிரே நிற்க
சஜ்ஜா முகாமிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தார்கள்.
மாசிலாமணி. கம்பி கட்டுகிறவர்.
வசனம் கிடையாது, பார்த்தால் போதும்.

ஒத்திகையில் கையைத் தூக்கினார்.
"சார், மேல் டிராயர்லயா வைப்பாங்க?
அதுல பேனா, சுகர் மாத்திரை, முந்திரிப்பருப்பு இருக்கும்.
பாஸ்போர்ட்டு கீழ.
சாவி போட்டு, குனிஞ்சு எடுக்கணும்.
அவரு குனியுறப்ப நமக்கு உச்சந்தலை தெரியும். சொட்டை.
அப்ப ஒண்ணு தோணும் சார்.
தோணுறதோட சரி."

கேமராவை அவர் கண் உயரத்துக்குத் தூக்கச் சொன்னேன்.
ஒரே ஷாட்.
சாவி திரும்பியது.
வழுக்கையில் டியூப்லைட் ஒரு கோடு போட்டது.
மாசிலாமணியின் கைகள் இரண்டும்
தொடையோடு ஒட்டி நின்றன, யாரும் சொல்லிக்கொடுக்காமல்.
கட் சொல்ல எனக்கு நேரமானது.

மானிட்டரில் பார்த்த இபுராம்சாவுக்குச் சந்தோஷம்:
"தணிக்கைக்கு இதுல ஒண்ணுமே இல்லையே!"

விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.
மாசிலாமணி அந்தப் பொய்ப் பாஸ்போர்ட்டைப் பிரித்தார்.
உள்ளே எல்லாம் வெள்ளைத் தாள்.
"இத நான் வச்சுக்கட்டுமா?"

நாளைக்கும் ஷாட் இருக்கு என்று
கலை உதவியாளன் அதை வாங்கி,
குனிந்து,
டிராயரில் வைத்துப் பூட்டினான்.