களிம்பு

பல்லாவரம் பக்கம் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டியவர்கள்
தாழி ஒன்றை உடைத்துவிட்டார்கள்.
எலும்புகள் எழும்பூருக்குப் போயின.
எனக்கு வந்தது ஒரு டப்பா.
பஞ்சு, பஞ்சுக்குள் பாதிச் செம்பு வளையல்,
வளையலின் உட்புறம்
வெற்றிலைக் காம்பு அகலத்துக்குக்
கறுத்து ஒட்டியிருந்த ஏதோ.
'தோலா பாருங்க' என்று ஒரு துண்டுச் சீட்டு.

நான் தினமும் சீவுவது
உயிரோடு இருப்பவர்களின் சதை.
கன்னத்துப் புண், கருப்பைக் கட்டி.
மெழுகில் உறையவைத்து
மயிரிழையைப் பதினைந்தாகப் பிளந்த கனத்தில்.

இந்த ஊரை எனக்குத் தெரியும்.
காலையில் தாளித்த சாம்பார் மதியத்தில் நுரைக்கும்.
ஐஸ் வண்டி வராத நாளில் காசிமேட்டில்
மணிக்கு மணி விலை விழும்.
பீரோவுக்குள் வைத்த தோல் பெல்ட்
ஐப்பசியில் வெள்ளையாய்ப் பூத்துவிடும்.
இங்கேயா,
இரண்டாயிரத்துச் சொச்சம் மழைக்காலமா?

சலவைச் சோடாவும் ஸ்பிரிட்டும் கலந்த நீரில்
மூன்று நாள் ஊறப் போட்டேன்.
'கருவாடு நனைக்கிற மாதிரி' என்றார் தேசிங்கு.
சிரித்துவிட்டேன்.
பிறகு மூடியைச் சரியாக மூடினேன்.

கணினி பெயர் கேட்டது.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
ஒரு புள்ளி வைத்தேன்.
வயது: எந்த வயது? இன்னொரு புள்ளி.
ஆணா பெண்ணா,
வளையலை வைத்துச் சொல்லிவிட முடியாது.
சம்மதம் அளித்தவர், உறவுமுறை:
அந்தக் கட்டத்தில் மட்டும்
கர்சர் கொஞ்ச நேரம் துடித்துக்கொண்டிருந்தது.
எண் விழுந்தது, 4417.
அதற்கு முந்தைய 4416
ஓட்டேரி ஆட்டோக்காரர் ஒருவரின் நாக்கு.
அவர் மனைவி வெளியே பெஞ்சில்,
மடியில் மஞ்சள் பை.

செம்பு நஞ்சு.
தின்ன வந்த கிருமியெல்லாம்
அந்தப் பச்சையில் வாய் வைத்துச் செத்திருக்கும்.
வளையல் தொட்ட இடம் நின்றது.
தொடாத முகம், தொடாத வயிறு,
யாரையாவது தொட்டிருந்த விரல்கள்
மண்.
பாத்திரத்தில் பிடித்தால் புளி போட்டுத் தேய்க்கிறோம்.
புண்ணில் தடவ மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறோம்.
இரண்டையும் களிம்பு என்றே சொல்லி வந்திருக்கிறோம்,
ஒரு நாளும் யோசிக்காமல்.

டாக்டர் நூருன்னிசா முதலில் 4416ஐத்தான் வைத்தார்.
காத்திருந்து பழகியது மற்றது.
நெடுநேரம் பேசவில்லை.
'இன்னும் ஆழமா ஒண்ணு சீவிக் குடுங்க' என்றார்.
பிறகு 4417.
உயிரணுக் கரு ஒன்றுகூட இல்லை,
ஊதா ஏறவே இல்லை.
ஆனால் ரோஸ் நிறத்தில் நார்கள்,
காற்றில் ஆறப்போட்ட நூல் மாதிரி, அலையலையாய்.
'இங்க வாங்க, ஓரத்துல பாருங்க.'
சுருண்டு கிடந்தது ஒரு குழாயின் தடம்.
வியர்வைச் சுரப்பி.
'நம்மூர் ஆள்தான்' என்றார்
தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே.
மின்விசிறி அன்றைக்கும் வேலை செய்யவில்லை.

அவர் சொல்லச் சொல்லத் தட்டினேன்:
தோல். நோய்க்குறி ஏதுமில்லை.
4417 முடிந்தது.

4416இன் மெழுகுக் கட்டியை
மறுபடி ஐஸில் கவிழ்த்திருக்கிறேன்.
கத்தி மாற்றியாயிற்று.
வெளியே மழை சாய்ந்து அடிக்கிறது.
தேசிங்கைக் கூப்பிடுகிறேன்,
அந்த பெஞ்சை உள்ளே இழுத்துப் போடச் சொல்லி.