ஏழாம் உரிமைக்கோரல்

மன்ஹைம் நடுவூரில் தெருக்களுக்குப் பெயரில்லை.
ஓர் எழுத்து, ஓர் எண், அவ்வளவுதான் முகவரி.
யூ நான்கில், சலவைக்கடைக்கு மேலே
நாங்கள் மூவர்.
அக்கார்டியன் உதிரிப்பாகம் விற்கும் ஓட்டிலியேவுக்கு
இணையக் கடை கட்டிக் கொடுத்தவர்கள்.

பதிவுத் தபாலில் வந்தது.
பதினோராம் பக்கம், ஏழாம் உரிமைக்கோரல்:
காத்திருக்கும் ஒருவருக்கு
இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைக்
கணினி வழியாகக் காட்டும் முறை.

அந்த நீலப் பட்டை!
இடமிருந்து வலமாக ஊர்ந்து
தொண்ணூற்றொன்பதில் நின்று மூச்சுவாங்குமே, அதே பட்டை.
அதைக் களவெடுத்தோமாம்.
ஆறாயிரம் யூரோ.
முப்பது நாளுக்குள் என்றால் நாலாயிரத்து ஐந்நூறு.

அனுப்பியவர்கள் எதையும் செய்பவர்கள் அல்ல.
ஒரு தபால்பெட்டி,
ஏலத்தில் எடுத்த நாற்பது காப்புரிமைகள்.

"பழையது ஏதாவது கொண்டு வாருங்கள்,
தேதியோடு," என்றார் வழக்கறிஞர் காஸ்.

தேதியோடு இருந்தது என்னிடம்.
1991 பெப்ரவரி, வெளிநாட்டவர் அலுவலகம்.
இளஞ்சிவப்புத் துண்டில் 214.
சுவரில் 137 சிவப்பாய் எரிந்தது.
கழித்தேன். எழுபத்தேழு பேர்.
பக்கத்து எரித்திரியப் பெண் விரல்விட்டு எண்ணினாள்.
கதவு திறந்து மூடும்போதெல்லாம்
வாங்கில் ஓர் இடம் வலப்பக்கம் நகர்ந்தோம்.
நாங்களேதான் அந்தப் பட்டை.

காஸ் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
சிரிக்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடிக்கும்.
"இது சுவர். அது திரை."
"கழித்தல் ஒன்றுதானே?"
"கணினி வழியாக," என்றார்.
இரண்டே சொல்,
சுங்கச்சாவடித் தடியாய்க் குறுக்கே விழுந்தன.

ஏ ஒன்றில் நீதிமன்றம். நீதிபதி கண்ணியமானவர்.
காப்புரிமை செல்லுமா என்பது முனிச்சின் பாடு,
மீறினீர்களா என்பது மட்டும் இங்கே பேச்சு.
முனிச்சில் இரண்டு வருடம் ஆகுமாம்.
எத்தனையாவது வரிசையில் நிற்கிறோம் என்று
காட்டும் பலகை உண்டா அங்கே, என்று கேட்டேன்.
அது பதிவேட்டில் ஏறவில்லை.

நேற்றுப் பட்டையை எடுத்துவிட்டேன்.
வெற்றுத் திரையைப் பார்த்த ஆட்கள்
மறுபடி அழுத்துகிறார்கள், மறுபடியும்.
சோலிங்கனில் ஒருவர்
ஒரே துருத்தியை மூன்று தரம் வாங்கிவிட்டார்.
நான்காம் தரம் அழுத்துமுன் தொலைபேசியில் பிடித்து
ஓட்டிலியே சொல்லிக்கொண்டிருக்கிறாள்:
பொறுங்கள், போய்க்கொண்டிருக்கிறது,
பாதிக்கு மேல் ஆயிற்று,
இன்னும் கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்தான்.