முப்பத்தேழாவது சிப்பம்

முப்பத்தேழு வரை நெல்லோடுதான் இருந்தேன்.
பிறகு தராசின் விளிம்பில்
ஒரு சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்தது.
அது எத்தனை கிராம் இருக்கும் என்று போனவன்
திரும்பி வரும்போது
பக்கிரிசாமி மூட்டையை இறக்கிவிட்டு
"எத்தனை சார்?" என்கிறார்.

நாற்பதா, நாற்பத்தொன்றா.
சிப்பத்துக்கு நாற்பது கிலோ.
என் தலைக்குள் ஒன்று நழுவினால்
தார்ப்பாய் ஓரம் குத்தவைத்திருக்கும் அஞ்சம்மாளுக்குத்
தொள்ளாயிரத்துச் சொச்சம் நட்டம்.
மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் சுட்டது.

முப்பத்தாறு வயதில்
தஞ்சாவூர் டாக்டரம்மா இதற்கு
ஏடிஹெச்டி என்று பேர் வைத்தார்.
பள்ளிக்கூடத்தில் வேறு பேர்கள் வைத்திருந்தார்கள்,
அவற்றில் மரியாதையானது எருமை.
சீட்டில் தமிழில் "கவனக்குறைவு" என்று எழுதியிருந்தது.
குறைவா?
ஈரப்பதமானியின் சிவப்பு எண்,
சாக்குத் தைக்கும் ஊசியின் கிறீச்,
லாரிக்காரரின் போனில் யாரோ அழுவது,
பதரோடு பறக்கும் ஒரு நீலச் சிறகு,
எல்லாம் ஒரே நொடியில்
ஒரே உயரத்தில் வந்து நிற்கிறது எனக்கு.
எதை உட்காரச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

மாத்திரை காலையில் ஒன்று.
போட்டேனா என்று மத்தியானம் ஒரு சந்தேகம்.
நினைவுக்கு நல்லதாம் என்று
வல்லாரைக் கீரை நாலு கட்டு வாங்கி
மன்னார்குடி பஸ்ஸிலேயே விட்டு வந்தேன்.
செங்கமலம் சிரித்து ஓய இரண்டு நாளானது.
போனில் பதினோரு அலாரம்.
நாலு மணிக்கு அடிப்பது
"மறக்காதே" என்று மட்டும் காட்டுகிறது.
எதை என்று நான் எழுதவில்லை.

மூணாறு தலைப்பில்
வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது.
உவமை சொல்ல வரவில்லை,
போன மாசியில் வண்டிச் சாவி தொலைந்தது அங்கேதான்.
பாமணிப் பக்கமா கோரைப் பக்கமா என்று
லஸ்கர் பொறுமையாகக் கேட்டார்.
இரண்டு பக்கமும் நின்றிருந்தேன்,
ஷட்டருக்குக் கீழே நுரை எப்படி உடைகிறது என்று.

நீடாமங்கலம் கேட் மூடினால்
ஊரே சபிக்கும்.
நான் எஞ்சினை அணைத்துவிட்டுப் பழகுகிறேன்.
சரக்கு ரயிலின் பெட்டிகள் மட்டும். வேறெதுவும் கிடையாது.
திங்கட்கிழமை பதினெட்டு வரை.
புதன்கிழமை இருபத்தாறில்
வெள்ளரிப் பிஞ்சு விற்பவரின் குரலோடு இறங்கிவிட்டேன்.
நேற்று கடைசிப் பெட்டிவரை, நாற்பத்திரண்டு!
கேட் தூக்கியாயிற்று, பின்னால் ஹாரன்,
ஒருவன் என் அம்மாவைத் திட்டுகிறான்.
நான் கண்ணாடியில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன்.

இன்று காலை பனி விலகுமுன்
பக்கிரிசாமியிடம் சொல்லிவிட்டேன்:
"எனக்குக் கணக்கு நழுவுதுண்ணே.
இறக்கும்போது சத்தமாச் சொல்லுங்க."
ஏன் என்று கேட்கவில்லை அவர்.
"இருபதுக்கு மேல எனக்கும் முதுகுதான் சார் எண்ணும்"
என்று துண்டைச் சும்மாடு சுற்றினார்.

லாபம், என்று தொடங்கினார் முதல் மூட்டையை.
ரெண்டு. மூணு.
பத்துக்கு ஒரு புளியங்கொட்டை
என் வலது பையிலிருந்து இடது பைக்கு.
அறுபத்துநாலில் மனசு கிளம்பிப் போனது,
எங்கே என்று இப்போது ஞாபகமில்லை.
அவர் குரல் அறுபத்தஞ்சில் நின்றுகொண்டிருந்தது,
நான் வந்து சேரும்வரை.

சாயங்காலம்
பை சொன்னது பதினொரு கொட்டை, கையில் ரெண்டு.
பக்கிரிசாமி சொன்னார் நூத்திப் பன்னெண்டு.
அஞ்சம்மாள் செங்கல் துண்டால்
சுவரில் கோடு போட்டு வைத்திருந்தார்
போன தடவையிலிருந்து என்னை நம்பாமல்.
விரல் வைத்து எண்ணிவிட்டு,
சரிதான் என்று தலையாட்டினார்.

பட்டியலில் கையெழுத்துப் போட்டேன்.
சாப்பாட்டுத் தூக்கு காலையில் வைத்த இடத்தில்
திறக்காமல் இருந்தது.
குருவி, இருபத்தைந்து கிராமாம்.
தேடிப் பார்த்துவிட்டேன்.